நத்தம் முதல் திண்டுக்கல் வரை: பழனி பாதயாத்திரையின் மூன்றாம் நாள்

நத்தத்தில் நாங்கள் தங்கியிருந்த மண்டபத்தில் இரவு ஒன்றே முக்காலுக்கு எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்னால், செல்போன் வெளிச்சத்தில் பெரியம்மாவின் உள்ளங்காலைப் பார்த்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். "விடுத்தா, கூச்சமா இருக்கு. ஒண்ணுமில்ல. வலியே இல்ல" என்றார். வலி இல்லை என்பதுதான் எனக்குப் பயம். பெரியம்மாவுக்கு 63 வயது. சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. கால் மரத்துப்போகத் தொடங்கியே இரண்டு வருடம் இருக்கும். செருப்புக்குள் கல் கிடந்தால்கூட அவருக்குத் தெரியாது. அதனால் அவர் காலுக்கு நான் கண்ணாக இருப்பது என்று வீட்டிலேயே பேசி வைத்துத்தான் கூட்டி வந்தேன்.

குன்றக்குடியில் சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பழனிக்கு 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று தங்கித் தங்கி ஐந்து நாளில் நடப்போம். செட்டிநாட்டு நகரத்தார் காவடி ஏறத்தாழ 400 ஆண்டுகளாகப் போய்வரும் தடம் இது. அவர்களைப் பார்த்துச் சேர்ந்துகொண்ட சுற்றுவட்டாரத்து ஜனங்கள் இன்றைக்கு ஆயிரக்கணக்கில் நடக்கிறோம். எங்கள் குழுவில் 31 பேர், எல்லோரும் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். பாய், பாத்திரம், மூட்டை எல்லாம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றில் வரும். 2025 தைப்பூசம் பிப்ரவரி 11-ஆம் தேதி. கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று 4-ஆம் தேதியே கிளம்பிவிட்டோம். நான் இங்கே எழுதுவது 6-ஆம் தேதி, மூன்றாம் நாள் நடையைப் பற்றி மட்டும்.

ஏன் மூன்றாம் நாள் என்றால், முதல் இரண்டு நாள் செய்த தவறுகளுக்கு உடம்பு அன்றைக்குத்தான் பதில் சொல்கிறது. இருக்கிற ஐந்து நாளில் நீளமான நடையும் அதுதான், 35 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு இரவாக நாலு மணி நேரத் தூக்கம். 2019-ல் நான் முதல்முறை வந்தபோது இதே நாளில், இதே ரோட்டில், கோபால்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. முதல் நாள் மதியமே அந்த இடம் சுருசுருவென்று எரிந்தது. உட்கார்ந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். குழுவை விட்டுப் பின்தங்கிவிடுவேன் என்று உட்காரவில்லை. அன்றைக்கு எங்கள் குழுவை நடத்தும் அண்ணன்தான் (அப்போதே அவர் இருபது வருடத்துக்கு மேல் நடந்தவர்) என்னை வண்டியில் ஏற்றிவிட்டார். "வண்டியில போனாலும் நீ போற ஊரு பழனிதான், ஏறு" என்றார். எனக்கு அந்த வார்த்தை அப்போது ஆறுதலாக இல்லை. திண்டுக்கல் வரும் வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே போனேன்.

எரியும்போதே உட்கார்ந்துவிட வேண்டும். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். தோலில் சூடாக ஓர் இடம் தெரிந்தால் அது கொப்புளம் வருவதற்கு முந்தைய நிலை. செருப்போ சாக்ஸோ உராய்கிறது, உள்ளே வியர்வை ஈரம் சேர்ந்திருக்கிறது. அப்போதே உட்கார்ந்து, துடைத்துக் காயவைத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் பேப்பர் பிளாஸ்டரை ஒரு துண்டு ஒட்டிக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. அரை மணி நேரம் தள்ளிப் போட்டால் மீதி நாள் முழுவதும் நொண்ட வேண்டும். இப்போதெல்லாம் நான் கிளம்பும்போதே குதிகால், பெருவிரல், சுண்டுவிரல் மூன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி, மேலே சாக்ஸ் போட்டுக்கொள்கிறேன். இடுப்புப் பையில் இன்னொரு ஜோடிக் காய்ந்த சாக்ஸ் இருக்கும். ஈரமான ஜோடியைப் பையின் வெளியே மாட்டிக் காயவிட்டபடியே நடக்கலாம்.

சரி, அன்றைக்குக் கிளம்பியதற்கு வருகிறேன்.

இரண்டரை மணிக்கு அரோகரா சொல்லிப் புறப்பட்டபோது கும்மிருட்டு. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் வழியெல்லாம் நிலா வெளிச்சம் இருக்கும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வளர்பிறை நிலா முன்னிரவுக்குத்தான் உதவும். பூசத்துக்கு நாலைந்து நாள் முன்னால் அது நள்ளிரவு தாண்டியதும் இறங்கிவிடும். நாம் நடக்கிற விடியற்காலை நேரம் முழுக்க டார்ச்சைத்தான் நம்ப வேண்டும்.

இருட்டில் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தனி நடைபாதை இல்லாத இடத்தில் ரோட்டின் வலது ஓரம், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி, ஒருவர் பின் ஒருவராக. முன்னால் ஒரு டார்ச், கடைசியில் ஒரு டார்ச். கடைசி டார்ச்சைப் பிடிப்பவர் குழுவிலேயே நிதானமானவராக இருக்க வேண்டும், ஏனென்றால் அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. வழியில் போலீஸாரும் சில அன்பர்களும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். எல்லோரும் அதை முதுகிலும் தோள்பையிலும் ஒட்டிக்கொள்கிறோம். வலது பக்கம் நடக்கும்போது எதிர் வண்டியின் விளக்கு விழுவது நம் நெஞ்சில். அதனால் முன்னாலும் ஒன்று ஒட்டுங்கள். பச்சை வேட்டியும் பச்சைச் சேலையும் இருட்டில் கறுப்பாகத்தான் தெரியும். நான் சேலைக்கு மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொள்வேன், பனிக்கும் ஆச்சு.

இதைச் சும்மா சொல்லவில்லை. அன்றைக்கு நத்தம் தாண்டி ஒரு மணி நேரம் இருக்கும். எங்களுக்கு முன்னால் இளவட்டங்கள் ஏழெட்டுப் பேர் தோளோடு தோளாக ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு போனார்கள். ஸ்பீக்கரில் பாட்டுச் சத்தம். பின்னால் வந்த சரக்கு வண்டி ஹாரன் அடித்தது அவர்கள் காதில் விழவே இல்லை. கடைசி நேரத்தில் டிரைவர் வண்டியை ஒடித்தார். ஓரத்தில் நடந்த பையனின் தோள்பையில் கண்ணாடி உரசி, அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அடி ஒன்றும் இல்லை. டிரைவர் இறங்கி வந்து திட்டவில்லை, அந்தப் பையன் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் முருகனைப் பார்க்கக் கிளம்பியவர்கள் ரோட்டில் அடிபட்டுச் சாகும் செய்தியைப் படிக்கிறோம். பாட்டுப் போட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது, அது நடக்கிறவர்களுக்கு மூச்சு மாதிரி. இருட்டில் மட்டும் சத்தத்தைக் குறைத்து, காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறரை மணிக்கு மேல் முதுகுக்குப் பின்னால் வெளுத்தது. நத்தத்தில் இருந்து திண்டுக்கல்லுக்கு மேற்கு நோக்கி நடக்கிறோம், ஆகவே காலை வெயில் முதுகில், சாயங்கால வெயில் முகத்தில். இடது கைப் பக்கம் சிறுமலை நீளமாகப் படுத்திருந்தது, தலையில் மேகம். வலது பக்கம் கரந்தமலை. நத்தம் பக்கம் மாந்தோப்புகளுக்குப் பேர்போனது. தை மாதம் பூப்பிடிக்கும் காலம். பனியில் நனைந்த மாம்பூவின் வாசம் ரோட்டுக்கே வந்தது. பஞ்சாமிர்தத்துக்குப் போகும் மலைவாழை அந்தச் சிறுமலையிலும் அந்தப் பக்கம் விருப்பாச்சியிலும் விளைவது. "இங்க இருந்தே அவன் சாப்பாடு தொடங்கிருச்சு" என்று பெரியம்மா சிறுமலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்னதானம் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ரோட்டில் பசியோடு நடந்தவர் யாரும் கிடையாது. நாலு மணிக்கே சுக்குமல்லிக் காப்பி, விடிந்தால் பொங்கல், ஒன்பது மணிக்கு இட்லி, அப்புறம் எலுமிச்சைச் சாதம், சுண்டல், மோர், பானகம். கூப்பிடுகிற குரலைக் கேட்டால் தாண்டிப் போக முடியாது. ஒரு ஊர் எல்லையில் எண்பது வயது ஆத்தா ஒருவர் தனியாக ஒரு குத்துச்சட்டி நிறையக் கேப்பைக்கூழ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் பந்தல் கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. "ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கத்தா, நடக்கத்தான் முடியல எனக்கு" என்றார். முடியாது என்று யாரால் சொல்ல முடியும்?

ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நடக்க முடியாது. முதல் வருடம் பொங்கலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, நெஞ்சுக்கரிப்போடு பத்து கிலோமீட்டர் போனேன். கை நீட்டிக் கொடுப்பதை மறுக்காமல், "ரெண்டு வாய் மட்டும் வைங்க" என்று கேட்டு வாங்குவதுதான் சரி என்று இப்போது படுகிறது. அவர்களுக்கும் நிறைவு, தட்டிலும் மிச்சம் விழாது. எங்கள் குழுவில் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் இடுப்பில் தொங்கும். நடப்பவர்கள் போன பிறகு இந்த ரோட்டின் இரண்டு பக்கமும் கிடக்கும் பேப்பர் தட்டையும் டம்ளரையும் ஒரு முறை பார்த்தால் உங்களுக்கும் தட்டைத் தூக்கி வரத் தோன்றும். அந்த ஊர்க்காரர்களின் ஆடு மாடு மேய்கிற இடம் அது.

தண்ணீர் விஷயத்தில் பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்ற பயத்தில் நிறையப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை. 2019-ல் நானும் அப்படித்தான் இருந்தேன். மூன்றாம் நாள் இரவு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. குடிக்காமல் இருப்பது தீர்வே கிடையாது. நாங்கள் இப்போது செய்வது இதுதான்: கிளம்பும் முன் மண்டபத்தில் ஒரு முறை, விடிவதற்கு முன் இருட்டிலேயே ஒரு முறை, இரண்டு பெண்கள் போர்வையைப் பிடித்துக்கொள்ள மூன்றாமவர் ஒதுங்குவார். விடிந்த பிறகு பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், ரோட்டோரத்து வீடு. வீடுகளில் கேட்கத் தயங்காதீர்கள். வாசலில் பெண்கள் நிற்கும் வீட்டில் போய், "அக்கா, பாத்ரூம் போகணும்" என்றால் இந்த ரோட்டில் என்னை ஒரு வீட்டிலும் திருப்பி அனுப்பியதில்லை. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தாலும் கால் இழுத்துப் பிடிக்கும், வியர்வையில் உப்பும் போய்விடுவதால். உப்புப் போட்ட மோர் கிடைக்கும் இடத்தில் குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள், அரை பாட்டிலில் கொட்டிக் கலக்கக் கூடாது.

கோபால்பட்டி தாண்டும்போது மணி ஒன்பது. இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன்.

தார் ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். ஒரே ஓரத்தில் மணிக்கணக்கில் நடந்தால் ஒரு கால் எப்போதும் மேட்டில், ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். ஒரு பக்க முட்டியும் இடுப்பும் மட்டும் வலிப்பதற்கு இது ஒரு காரணம். அதனால் விடிந்த பிறகு ஓரத்து மண் சமமாக இருந்தால் அதில் இறங்கி நடப்பது என் பழக்கம். அன்றைக்கும் இறங்கினேன். பெரியம்மாவையும், "மண்ணுல வாங்க, காலுக்கு மெதுவா இருக்கும்" என்று கூப்பிட்டேன். ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு மாந்தோப்பு நிழலில் உட்கார்ந்ததும் வழக்கம்போல் அவர் காலை மடியில் எடுத்து வைத்தேன். இடது செருப்பு காலோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. கொஞ்சம் இழுத்தேன். வந்தது. சீமைக்கருவேல முள் ஒன்று செருப்பின் அடியில் குத்தி, மேலே வந்து, பாதத்தின் முன்பகுதியில் ஏறியிருந்தது. சாக்ஸில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ரத்தம். பெரியம்மா என் முகத்தைப் பார்த்து, "என்னத்தா?" என்றார். அவருக்குத் தெரியவே இல்லை.

அவருக்கென்று கனமான அடிப்பாகம் வைத்த வார்ச்செருப்பு ஒரு ஜோடி வாங்கி, ஒரு மாதம் போட்டு நடந்து பழக்கியும் வைத்திருந்தோம். கனமாக இருக்கிறதென்று அதை வண்டியில் போட்டுவிட்டு, வீட்டில் போடும் ரப்பர் செருப்பைச் சாக்ஸுக்கு மேல் மாட்டிக்கொண்டு அன்றைக்கு நடந்திருக்கிறார். நான் காலைப் பார்த்தேன், செருப்பைப் பார்க்கவில்லை. மண்ணில் இறங்கச் சொன்னதும் நான்தான். அந்த நிமிஷம் எனக்கு வந்த நடுக்கம் இதை எழுதும்போதும் வருகிறது.

பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர், "முள்ளுதானே, புடுங்கிட்டு மஞ்சள் வைங்க" என்றார். நமக்கென்றால் அது சரி. சர்க்கரை உள்ளவர் காலில் ஒரு முள் குத்தல் விரலை எடுக்கும் வரை கொண்டுபோய்விட்ட கதையை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். முள் செருப்போடு முழுசாக வந்துவிட்டதா, முனை உடைந்து உள்ளே நிற்கிறதா என்று பார்த்தேன். முழுசாக வந்திருந்தது. பாட்டில் தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அண்ணனுக்கு போன் செய்து வண்டியைத் திரும்பி வரச் சொன்னேன்.

அப்போதுதான் பெரியம்மா அழ ஆரம்பித்தார். முள்ளுக்காக இல்லை. மகனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பேரன் பிறந்தான். அதற்காக மூன்று வருடம் வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டவர். டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால்தான் முதல் வருடமே செருப்புக்கு ஒத்துக்கொண்டார். அதுவே அவருக்குக் குறை. இப்போது வண்டி வேறு. "பாதியில ஏறுனா அவன் ஏத்துக்கிட மாட்டான்த்தா" என்றார். எனக்கு வேறு பதில் தெரியவில்லை. ஆறு வருடத்துக்கு முன் இதே ரோட்டில் எனக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். "வண்டியில போனாலும் நீங்க போற ஊரு பழனிதான் பெரியம்மா." அன்றைக்கு எனக்கு ஒட்டாத அந்த வார்த்தை, என் வாயில் இருந்து வரும்போது உண்மை என்று தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி வந்ததும் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் காயம் படாத காலில் இருந்த செருப்பைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டார்.

வழியில் ஒரு மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். அங்கே இருந்த டாக்டர் காயத்தை நன்றாகக் கழுவி, மருந்து வைத்துக் கட்டி, டி.டி. ஊசி போட்டார். ஆழமாக ஏறவில்லை, தடித்த தோல் தாங்கிக்கொண்டது என்றார். அன்றைக்கு இனி நடக்கக் கூடாது, மறுநாள் காலை சிவப்போ வீக்கமோ சூடோ இருந்தால் நடையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பெரியம்மாவிடம் நேராகவே சொன்னார். சாப்பாடு நேரம் மாறியதால் சர்க்கரையும் பார்த்தார். இது முக்கியம். நடக்கும் நாளில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். மாத்திரை, ஊசி அளவை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வர வேண்டும், பையில் எப்போதும் நாலு சர்க்கரை மிட்டாய் இருக்க வேண்டும்.

பெரியம்மாவை வண்டியோடு திண்டுக்கல்லுக்கு அனுப்பிவிட்டு, தோப்பில் மதியம் வரை படுத்திருந்த குழுவோடு சேர்ந்துகொண்டேன். பத்தரையில் இருந்து மூன்று வரை நடக்காமல் இருப்பது எங்கள் வழக்கம். தை மாதம்தானே என்று நினைக்க வேண்டாம், பதினொரு மணிக்கு மேல் தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியாது. வெறுங்காலோடு நடப்பவர்கள் சூடு தாங்காமல் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேல் நடப்பார்கள். கறுப்புத் தாரைவிட வெள்ளைக் கோடு சூடு குறைவுதான். ஆனால் அந்தக் கோடு வண்டிச் சக்கரம் போகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தலை கவிழ்ந்து கோட்டை மட்டும் பார்த்து நடக்கும் ஆளைக் கண்டால் கூப்பிட்டு நிழலில் உட்கார வையுங்கள்.

தோப்பில் எல்லோரும் கொப்புளத்தைக் குத்திக்கொண்டிருந்தார்கள். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு, நூலை அப்படியே விட்டுவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம், தண்ணீர் நூல் வழியாக வடியும் என்று. 2019-ல் எனக்கும் அப்படித்தான் செய்தார்கள், சீழ் வைத்துவிட்டது. நூல் வழியாகத் தண்ணீர் வெளியே வரும், அதே வழியில் அழுக்கும் உள்ளே போகும். சின்னக் கொப்புளத்தைத் தொடவே வேண்டாம், மேலே பிளாஸ்டர் போட்டால் போதும். நடக்க முடியாத அளவுக்குப் பெரிசாக இருந்தால், மருந்துக் கடையில் வாங்கிய புது ஊசியால் ஓரத்தில் ஒரு குத்து, மெதுவாக அழுத்தி வடியவிட்டு, மேல் தோலை உரிக்காமல் மருந்து வைத்து ஒட்ட வேண்டும். அந்தத் தோல்தான் கட்டு. சர்க்கரை உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது, முகாமுக்குத்தான் போக வேண்டும். தொடை அரைத்தால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ, அரைப்பதற்கு முன்னால். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் நடக்கும் ஆண்கள் நிறைய. வயிறும் கிட்னியும் கெடும்.

மூன்று மணிக்குக் கிளம்பி சாணார்பட்டியில் மோர் குடித்துவிட்டு நடந்தோம். சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் விழுந்தது, தொப்பியோ முக்காடோ இல்லாமல் முடியாது. அந்தக் கடைசிப் பதினைந்து கிலோமீட்டரைப் பற்றி எழுத அதிகம் இல்லை. யாரும் பேசவில்லை. கைத்தடி தார் ரோட்டில் தட்டும் சத்தம் மட்டும்தான். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை யாராவது "வேல் வேல்" என்பார்கள், மற்றவர்கள் "வெற்றி வேல்" என்பார்கள், அவ்வளவுதான். நான் எங்கேயும் வேகம் கூட்டவில்லை. முன்னால் போகிறவர்கள் போகட்டும் என்று என் அடியில் நடந்தேன். இருட்டிய பிறகு திண்டுக்கல் விளக்குகள் தெரிந்தன.

மண்டபத்தில் பெரியம்மா எல்லோருக்கும் முன்னால் வந்து, எங்கள் 30 பேருக்கும் பாய் விரித்து வைத்திருந்தார். நின்று செய்யாமல் உட்கார்ந்தபடியே தரையில் நகர்ந்து நகர்ந்து விரித்ததாகப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். சில மண்டபங்களில் அன்பர்கள் வெந்நீர் வைத்துக் கொடுப்பார்கள். அன்றைக்கும் கொடுத்தார்கள். வெந்நீரில் காலை வெகுநேரம் ஊறவைத்தால் தோல் ஊறி, மறுநாள் எளிதில் கிழியும். அதனால் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்துக் காயவைத்து, எண்ணெய் தடவி, சுவரில் காலைத் தூக்கிச் சாய்த்து ஒரு கால் மணி நேரம் படுத்தேன். அப்படியே தூங்கியும் போனேன்.

ஒன்றே முக்காலுக்கு அலாரம் அடித்தது. நான் செல்போனைத் தேடுவதற்கு முன்னால் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. பெரியம்மா கட்டை அவிழ்த்து வைத்துவிட்டு, டார்ச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இடது காலை என் பாய்ப் பக்கம் நீட்டி உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ. முள் குத்திய இடத்தைச் சுற்றி அழுத்திப் பார்த்தேன். புறங்கையை வைத்து இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, இரண்டு காலும் ஒரே குளிர்ச்சி. "என்னத்தா, விடுவியா?" என்றார்.

மருந்து வைத்துக் கட்டினேன். வார்ச்செருப்பை எடுத்துவந்து, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து, நானே மாட்டிவிட்டேன். அப்புறம் அண்ணனிடம் போய், முகாம் எதுவும் வந்தால் அங்கே நிற்க வேண்டும், ரெட்டியார்சத்திரம் வரைக்கும் வண்டி எங்கள் கண்ணில் படுகிற மாதிரி வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.